பெரிய கத்தியில் கைக்கயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காடு மலையில் காபித் தோட்ட வேலை செய்கிறவர்கள், கீழே சேலம் பக்கம் மாந்தோப்பும் தென்னையும் வைத்திருக்கிறவர்கள், வார இறுதியில் மட்டும் வந்து தோட்டம் பார்க்கிற புது ஆட்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே விஷயம்தான். கொடுவாள், வெட்டுக்கத்தி மாதிரி பெரிய கத்தியின் பிடியில் கயிறு கட்டிக் கையில் மாட்டிக்கொள்ளலாமா, எப்படி மாட்டணும் என்று. தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன்.

கைக்கயிறு எதற்கு? அது இல்லாமலே காலகாலமாக வெட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்?

வெட்டுகிற வேகத்தில் கத்தி கையை விட்டுப் பறந்துபோகாமல் இருக்கத்தான். பெரிய கத்தி அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், கையை ஓங்கி வீசும்போது அதற்கு வரும் இழுப்பு வேறு. வியர்வையிலோ மழையிலோ பிடி நழுவினால் சரிவில் கீழே பழம் பறித்துக்கொண்டிருப்பவர் மேல் போய் விழலாம். இன்னொரு பயனும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கயிறு புறங்கையைத் தாங்கிக்கொள்வதால் பிடியை இறுக்கி நெரிக்க வேண்டியதில்லை, அதனால் மதியத்துக்குள் கை மரத்துப்போகாது. களைத்த கையிலிருந்துதான் கத்தி அதிகம் நழுவும் என்பதால் இதுவும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இல்லாமலே வெட்டலாமா என்றால், தாராளமாக வெட்டலாம். பிடி நன்றாக இருந்து, கை உலர்ந்து, சமதரையில் நின்று வெட்டுகிறவருக்குக் கயிறு தேவையே இல்லை. தப்பாகக் கட்டிய கயிற்றைவிடக் கயிறு இல்லாத கத்தி எவ்வளவோ மேல்.

மணிக்கட்டைச் சுற்றி மாட்டிக்கொள்வதில் என்ன தப்பு? கத்தி விழாது, அவ்வளவுதானே வேணும்?

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கயிறு இல்லாமல் கத்தி நழுவினால் அது உங்களை விட்டு விலகிப் போகும். மணிக்கட்டில் வளையமாக மாட்டியிருந்தால் கயிற்றின் நீளம் வரை போய், சட்டென்று இழுபட்டு, ஒரு வட்டம் போட்டு உங்களிடமே திரும்பி வரும். வலது கையால் இடமிருந்து வலமாக வீசினீர்கள் என்றால் முன்கைக்கோ தோளுக்கோ வரும், மேலிருந்து கீழாக வெட்டினீர்கள் என்றால் முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் வரும். வாய்ப்பகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு மோசம்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் உண்ணிச்செடிப் புதர் அழித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நைலான் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். கொடுவாள் ஒரு தடித்த தண்டில் பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. அதே நேரம் சரிவில் கால் வழுக்கியது. சும்மா விழுந்திருந்தால் முட்டியில் சிராய்ப்போடு போயிருக்கும். ஆள் கீழே சரிய, கை மேலே கத்தியோடு கட்டிக்கிடந்தது, அவர் பாரம் முழுவதும் அந்தக் கையில் தொங்கியது. தண்டு பிளந்து கத்தி விடுபட்டதும் அது அவர் பின்னாலேயே வந்தது. காயம் புறங்கையில்தான், ஆனால் தசைநார் வெட்டுப்பட்டதால் இரண்டு விரல்கள் பழையபடி நிமிர மாதக்கணக்கில் ஆனது.

விழும்போது கத்தியைத் தூக்கி எறிய வேண்டும், மனித உடம்பு இயல்பாகச் செய்வதும் அதுதான். அந்த இயல்பைத் தடுக்கிற எந்தக் கயிறும் வேண்டாம்.

அப்போ சரியான முறை எது?

கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாகக் கொண்டுவரும் முறை. மணிக்கட்டுக்கு இதில் வேலையே இல்லை. எழுத்தில் கொஞ்சம் குழப்பமாகத் தெரியலாம், கையில் ஒரு துண்டுக் கயிற்றை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கயிறு பிடியின் அடி முனையில், அதாவது சுண்டுவிரல் பக்கம் இருக்கும் துளையில் கோத்து, ஒரு வளையமாக முடிந்திருக்க வேண்டும். உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி கையை நீட்டி, வளையத்தைக் கட்டைவிரலில் மட்டும் மாட்டுங்கள், கத்தி தொங்கட்டும். இப்போது கயிறு புறங்கை மேல் படியும்படி கத்தியைக் கையின் பின்பக்கமாகக் கொண்டுவந்து, சுண்டுவிரல் ஓரத்தைச் சுற்றி உள்ளங்கைக்குள் எடுத்துப் பிடியுங்கள். பிடித்த பிறகு பார்த்தால், கட்டைவிரல் அடியில் தொடங்கும் கயிறு புறங்கையைக் குறுக்கே கடந்து பிடியின் அடி முனைக்குப் போயிருக்கும். பிடியை இறுக்கினால் கயிறும் லேசாக இறுகும். விரல்களை விரித்துக் கட்டைவிரலை உள்ளே மடக்கினால் வளையம் தானாக உருவிக்கொண்டு கத்தியோடு போய்விடும்.

பிடித்திருக்கும் வரை கூடவே இருக்கும், விட்டால் விட்டதுதான். கைக்கயிற்றுக்கு இதைவிட வேறு இலக்கணம் கிடையாது.

கயிறு எவ்வளவு நீளம் வேணும்?

அரை மீட்டர் வெட்டிக்கொண்டால் போதும், முடிந்த பிறகு மிச்சத்தை வெட்டிவிடலாம். அளவு உங்கள் கையைப் பொறுத்தது. மேலே சொன்னபடி பிடித்துப் பார்க்கும்போது கயிறு புறங்கையில் ஒட்டிப் படிய வேண்டும், தோலில் பள்ளம் விழக் கூடாது. கயிற்றுக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி, இரண்டு விரல் நுழைந்தால் நீளம் அதிகம். ஒரே கத்தியை வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி எடுப்பீர்கள் என்றால் யாருக்கும் அளவு சரியாக இருக்காது, அந்தக் கத்தியில் கயிறே வேண்டாம்.

சரியா கட்டியிருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் கத்தியின் வாயை மூடுங்கள். பழைய சைக்கிள் டியூபையோ தண்ணி ஓஸையோ நீளவாக்கில் கீறி, வாய்மேல் மாட்டி, இரண்டு இடத்தில் கட்டிவிட்டால் போதும். வெறும் தரையில் கால்களை அகட்டி நின்று, மெதுவாக வீசி, வழியில் கையைத் திறந்துவிடுங்கள். கத்தி உடனே கழன்று விழ வேண்டும். விரலில் ஒரு நொடி தொங்கினாலும் அந்தக் கட்டு சரியில்லை. அடுத்து கையையும் கயிற்றையும் நனைத்துக்கொண்டு அதையே செய்து பாருங்கள், ஏனென்றால் உலர்ந்த கயிறு வழுக்கிப் போகும், நனைந்த கயிறு தோலில் ஒட்டிக்கொள்ளும். கையுறை போடுகிறவர்கள் கையுறையோடும் பார்க்க வேண்டும். சில கையுறைகளில் மணிக்கட்டுப் பட்டையிலும் தையல் மடிப்பிலும் கயிறு மாட்டிக்கொள்கிறது.

பலமுறை செய்து, கை யோசிக்காமலே விடுகிற அளவுக்குப் பழகிய பிறகு உறையைக் கழற்றலாம்.

எந்தக் கயிறு நல்லது? கடையில் பாராகார்ட் வாங்கச் சொல்றாங்களே?

பாராகார்ட், அதாவது பாராசூட்டுக்குப் பயன்படும் நைலான் கயிறு, நல்ல கயிறுதான், 4 மில்லிமீட்டர் தடிப்பு, நனைந்தாலும் அவ்வளவாக ஊறாது, சீக்கிரம் மக்காது. ஆனால் பரவலாகக் கிடைக்கும் 550 ரகம் ஏறக்குறைய 250 கிலோ இழுவை தாங்கும். அதாவது உங்கள் தோள் மூட்டு கழன்றாலும் அது அறாது. கட்டைவிரல் முறையில் மாட்டினால் இது பிரச்சினை இல்லை, மணிக்கட்டில் மாட்டினால் இதைவிட ஆபத்தான கயிறு கிடையாது.

பருத்திக் கயிறு கைக்கு இதமாக இருக்கும், ஆனால் மலை ஈரத்தில் ஊறி முடிச்சு இறுகிவிடும், அப்புறம் ஒரு பருவம் போவதற்குள் மக்கிவிடும். தோல் வார் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து விறைக்கும். சணலும் பிளாஸ்டிக் கொடிக் கயிறும் வேண்டாம், ஒன்று அரிக்கும், இன்னொன்று கையை அறுக்கும்.

முடிச்சு விஷயத்தில் ஒரே கண்டிப்பு: சுருக்கு முடிச்சு கூடவே கூடாது. இழுத்தால் சுருங்குகிற எதுவும் கையில் ஏறக் கூடாது. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே முடிச்சாக இரண்டு முறை போட்டு, நைலானாக இருந்தால் முனையை லேசாகச் சுட்டு உருக்கிவிடுங்கள்.

பட்டறையில் அடித்து வாங்கிய கத்தி, மரப்பிடி. துளை போடலாமா?

நம் பக்கம் பட்டறையில் அடிக்கும் கொடுவாள் பலவும் லாரி பட்டையில், அதாவது பழைய ஸ்பிரிங் தகட்டில் செய்தவை. இரும்பு பிரமாதமாக இருக்கும். பிடியில்தான் பார்த்துச் செய்ய வேண்டும். கத்தியின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரியாமல் துளை போடாதீர்கள். சிலவற்றில் பாதியோடு நின்றுவிடும், சிலவற்றில் பிடியைத் தாண்டி வந்து அடியில் மடக்கி அடித்திருக்கும். பின்னதாக இருந்தால் நடுவில் துளை போட முடியாது, பட்டறைக்காரரிடமே சொல்லி அடியில் ஒரு வளையம் வைத்துக்கொள்வது நல்லது.

போடுவதானால் முனையிலிருந்து குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள், விளிம்பில் போட்டால் மரம் பிளக்கும். சின்ன பிட்டில் ஆரம்பித்துப் பெரிதாக்குங்கள். துளையின் இரண்டு வாயையும் உப்புத்தாளால் உருட்டி வழவழப்பாக்க வேண்டும், கூரான விளிம்பு கயிற்றை உள்ளுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது.

பிடி ரொம்ப வழுக்குது, அதனாலதான் கயிறு கட்டலாம்னு பார்க்கிறேன்.

அப்படியென்றால் முதலில் பிடியைச் சரி செய்யுங்கள், கயிற்றைப் பிறகு பார்க்கலாம். வார்னிஷ் அடித்த பிடி வியர்வையில் சோப்பு மாதிரி ஆகிவிடும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆளி விதை எண்ணெய் தடவினாலே பாதிப் பிரச்சினை தீரும். கைக்கு மெல்லிசாக இருந்தால் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றலாம். அடி முனை கொஞ்சம் வளைந்து புடைத்திருக்கிற பிடியாகப் பார்த்து வாங்குங்கள், சுண்டுவிரல் அதில் முட்டி நிற்கும். அந்த ஒரு வளைவு கயிற்றின் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடும்.

பிடி ஆடுகிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கெட்டியாக இருக்கும், மாசி பங்குனி வெயிலில் சுருங்கிப் பூண் தளர்ந்துவிடும். ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் இறுகிவிடும் என்று செய்கிறார்கள், அது அன்றைக்கு மட்டும்தான், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். பிடியிலிருந்து கத்தியே கழன்று பறந்தால் எந்தக் கைக்கயிறும் உதவாது, பிடி மட்டும்தான் கையில் மிஞ்சும். ஆப்பு வைத்து அடியுங்கள், இல்லையென்றால் பிடியை மாற்றுங்கள்.

மரத்தில் ஏறி நிழல் கழிக்கும்போது கைக்கயிறு கட்டாயம் வேணும்தானே? கத்தி கீழே விழுந்தா ஏறி இறங்கணுமே.

வேண்டாம். மரத்தின் மேல் கையில் எதையும் மாட்டாதீர்கள். நிழல் கழிப்பது என்றால் காபிச் செடிக்கு மேலே நிழல் தரும் மரங்களின் கொம்பை வெட்டுவது; அப்படி ஒரு சில்வர் ஓக் மரத்தில் கொம்பு பாதி வெட்டுப்பட்டுச் சாயும்போது கத்தி அதில் கடித்துக்கொண்டிருந்தால், கொம்பு போகிற பக்கம் கத்தி போகும், கத்தி போகிற பக்கம் கை போகும், கை போகிற பக்கம் ஆள் போவார். கட்டைவிரல் முறைகூட அங்கே வேண்டாம், ஏனென்றால் வழுக்கினால் ஒரு நொடியில் இரண்டு கையும் மரத்தைப் பிடிக்கக் காலியாக இருக்க வேண்டும்.

கத்தி விழக் கூடாது என்றால் அதை இடுப்புப் பட்டையோடு கட்டுங்கள், கையோடு கட்ட வேண்டாம். இடுப்பின் பின்பக்கம் மரக்கூடோ தடித்த தோல் உறையோ இருக்கட்டும், வெட்டி முடித்ததும் கத்தி அதில் போக வேண்டும். ஏறும்போது கத்தியை எடுத்துக்கொண்டே போகாதீர்கள், மேலே நிலையாக நின்று உங்களைக் கட்டிக்கொண்ட பிறகு ஒரு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் உயரத்தில் வேலைக்குக் கத்தியைவிட வளைந்த கைரம்பம் எவ்வளவோ நல்லது, ஓங்க வேண்டியதே இல்லை. தை மாசியில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறவர்கள் அதே ஏணியில் நின்றபடி குறுக்கே வந்த கொம்பையும் ஒரு வெட்டு வெட்டிவிடலாம் என்று பார்ப்பார்கள், அது தயவுசெய்து வேண்டாம்.

பக்கத்தில் ஆள் இருக்கும்போது எவ்வளவு தூரம் விடணும்?

கை நீளமும் கத்தி நீளமும் சேர்ந்து எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு என்பது சமதரைக்கு. மலைச்சரிவில் அது பத்தாது. ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வேலை செய்யவே கூடாது, பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். மூடுபனி இறங்கிப் பக்கத்து வரிசைச் செடி தெரியாத நேரத்தில் கத்தி வேலையை நிறுத்திவிடுவது நல்லது. கயிறு கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் நெருங்கி நிற்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

குளவி துரத்தினாலோ காட்டுமாடு வந்தாலோ?

நல்ல கேள்வி, மேலே இருக்கிறவர்களுக்கு இது நிஜமான கவலை. குளவி கொட்டினால் கை தானாக முகத்துக்குப் போகும், யாராலும் தடுக்க முடியாது. அந்தக் கையில் கத்தி கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. புதருக்குள் முதல் வெட்டு போடும் முன் ஒரு நீளக் குச்சியால் தட்டிப் பாருங்கள். காட்டுமாடு நின்றால் அது போகும் வரை விலகி நில்லுங்கள். ஓட வேண்டி வந்தால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுங்கள், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இளநீர் வெட்ட, பலாப்பழம் அறுக்க, கறி வெட்ட?

எதற்கும் வேண்டாம். இந்த வேலைகளில் அடுத்த கை கத்திக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வீச்சும் சிறியது. தொங்குகிற வளையம் எதிலாவது மாட்டி வெட்டைத் திருப்பிவிடும். பலாப் பாலுக்கு எண்ணெய் தடவினால் உள்ளங்கையில் தடவாதீர்கள், கத்தி வாயிலும் பழம் தொடும் விரல்களிலும் மட்டும் போதும். மரவள்ளி அரைக்கிற, தீவனம் நறுக்குகிற மெஷின் பக்கம் கையில் எந்தக் கயிறும் இருக்கவே கூடாது.

அடுத்தவருக்குக் கத்தியைக் கொடுக்கும்போது?

வளையத்தைக் கழற்றி, கத்தியைத் தரையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு எட்டு நடந்து அடுத்த புதருக்குப் போவதானாலும் கழற்றிவிட்டு, உறையில் போட்டு நடங்கள்.

வெட்டு பட்டுட்டா முதல்ல என்ன செய்யணும்?

சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள், கையை இதயத்துக்கு மேலே தூக்கிவையுங்கள், 108-க்குப் போன் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் துணியை எடுத்துப் பார்க்காதீர்கள், நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காபித் தூளோ மஞ்சள் தூளோ வைக்காதீர்கள். காபி விளைகிற ஊர் என்பதாலோ என்னவோ முதலில் தூள் டப்பாவைத்தான் தேடுகிறார்கள். பிறகு டாக்டர் அந்தத் தூளைக் காயத்திலிருந்து ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது.

கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு மேலே, அதாவது உடம்பை நோக்கிய பக்கம், ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் வராமல், அகலமான துணியைக் கட்டி, ஒரு குச்சியை நுழைத்து ரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி போகும் வரை தளர்த்தாதீர்கள். இதற்குக் கைக்கயிற்றைப் பயன்படுத்த வேண்டாம், மெல்லிய கயிறு சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது. வேட்டியிலோ துண்டிலோ இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்தது போதும்.

விரல் துண்டாகிவிட்டால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. ஏற்காட்டிலிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக வேண்டும், ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் மேலே செய்ததுதான் வைத்தியம். தோட்டத்தில் தனியாக வெட்டப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சின்னக் காயமானாலும் மண் பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள், கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள்.

கயிற்றை எப்போ மாத்தணும்?

நார் பிரிந்தாலோ, வெயிலில் வெளுத்து விறைத்தாலோ, முடிச்சு நகர்ந்திருந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள், இருபது ரூபாய் விஷயம். காபி பழம் எடுக்கும் பருவம் முடிந்து கத்திகளைச் சாணை பிடிக்கக் கொடுக்கும்போது, கொடுப்பதற்கு முன்பே பழைய கயிற்றை அறுத்துப் போட்டுவிடுவது என் வழக்கம். சாணைக்கல் சுற்றும் இடத்தில் தொங்கும் கயிறு இருக்கக் கூடாது, கத்தி திரும்பி வந்ததும் கை அளவு பார்த்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.